பீரங்கிக் கிடங்குக் கணக்கு

பிரிட்டிஷ் பாய்மரப் போர்க்கப்பலில் வெடிமருந்து, குண்டு, திரி, பீரங்கித் தளவாடம் ஆகியவற்றின் வரவு செலவைப் பதிந்த ஏடு. பொருளை வழங்கியது, கடற்படை வாரியத்திலிருந்து தனித்து இயங்கி 1855இல் கலைக்கப்பட்ட ஆயுத வாரியம். கணக்கெழுதியவர் பீரங்கிப் பொறுப்பாளர். எடுத்துக்காட்டாக, 1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினக் கடலில் தொடங்கி, 1783 ஜூன் 20 அன்று கடலூர்க் கடலில் முடிய, பிரிட்டிஷ் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஐந்து முறை மோதினர். இத்தகைய போர்களில் ஒரு கப்பல் எவ்வளவு கடுமையாகப் போரிட்டது என்பதை அறிய, தளபதியின் கடிதத்தைவிட இந்த ஏடே வலுவான சான்று. கடிதம் எழுதியவருக்குப் புகழைக் காக்கும் கவலை இருந்தது. கணக்கு தேறினால்தான் பொறுப்பாளருக்குச் சம்பளப் பாக்கி கைக்கு வரும்.

புகைமூட்டத்தில் குண்டுகளை யார் எண்ணினார்கள் என்று கேட்கலாம். சுடும்போது எண்ணத் தேவையில்லை; போர் ஓய்ந்தபின் மீதியை எண்ணி இருப்பிலிருந்து கழித்தாலே செலவு தெரியும். திருடியதையும் போர்ச்செலவில் சேர்த்திருக்க முடியுமே என்பது கனமான ஆட்சேபம். அதனாலேயே இந்த ஏட்டைத் தனியாக நம்பாமல், கப்பலின் நாட்குறிப்போடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும்.