யாருடைய குடும்பத் தாள்கள்?

வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 1930இல் தென்னக வரலாற்றுச் சேகரம் தொடங்கப்பட்டது. ஹாமில்டன் என்ற வரலாற்றாசிரியர் காரில் ஊர் ஊராகப் போய், பண்ணைக் குடும்பங்களின் பரண்களிலிருந்து கடிதம், கணக்கு என்று அள்ளிவந்தார். 'குடும்பத் தாள்கள்' என்று பெயர். யாரோட குடும்பம்?

அடிமை வியாபாரி ரைஸ் பல்லார்டின் தாள்களுக்குள், 1853 மே மாதம் ஹூஸ்டனிலிருந்து வர்ஜீனியா பாய்ட் என்ற அடிமைப்பெண் எழுதிய கடிதம் கிடக்கிறது. அப்போது அவள் கர்ப்பிணி. குழந்தைகளின் தகப்பனே விற்கச் சொல்லிவிட்டான். காப்பாற்றுங்கள் என்று பல்லார்டிடம் கெஞ்சுகிறாள். சில மாதங்களில் விற்கப்பட்டாள். அந்தச் செய்தியும் அதே தாள்களிடையே வியாபாரத் தகவலாக இருக்கிறது.

பல்லார்ட் கடிதத்தைக் கிழித்துப் போடவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் அவள் குரல் நமக்குக் கேட்கிறது. அடிமையின் வரலாற்றை எஜமானின் பெட்டிக்குள்தான் தேடவேண்டும் என்றால், பெட்டிமேல் ஒட்டிய பெயருக்கு எதிராகவே அதை நான் வாசிக்க வேண்டியிருக்கிறது.