சட்டைக் காலரைப் பிடித்த கை

2024 நவம்பர் 13, புதன்கிழமை. கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு மருத்துவர் பாலாஜி, பணியில் இருக்கும்போதே கத்தியால் குத்தப்பட்டார். உடம்பில் ஏழு இடங்களில் காயம். குத்தியவர் அங்கே சிகிச்சை பெற்ற ஒரு தாயின் மகன், எங்கள் பெருங்களத்தூர்க்காரர். டாக்டர் பிழைத்துக்கொண்டார். "நம்ம ஊர்ப் பையனா?" என்று அன்று மாலை நடைப்பயிற்சியில் ஆளாளுக்குக் கேட்டோம்.

இது முதல் தடவை அல்ல. 2012 ஜனவரி 2 அன்று தூத்துக்குடியில் மயக்க மருந்து நிபுணர் சேதுலட்சுமி தம் கிளினிக்கிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். வெட்டியவர், கர்ப்பிணி மனைவியைப் பறிகொடுத்த கணவர். மாநிலமெங்கும் டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2023 மே 10 அன்று கேரளத்தில் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனைக்குப் போலீசார் காயத்துக்கு மருந்து போட ஒருவரை அழைத்து வந்தார்கள். அவரே பயிற்சி மருத்துவர் வந்தனா தாஸைக் கத்தரிக்கோலால் குத்திக் கொன்றார்.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. மருத்துவமனையில் வன்முறை செய்தால் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை. ஜாமீனில் விட முடியாத குற்றம். ஆனால் நடு இரவில் கேஷுவாலிட்டி வாசலில் நிற்பவனுக்குச் சட்டப் புத்தகமா ஞாபகம் வரும்?

எனக்கு வரவில்லை. 1994-ல் ஓர் இரவு அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டியூட்டியில் ஒரே ஒரு சின்னப் பையன் டாக்டர், அவரைச் சுற்றி நாலைந்து நோயாளிகள். எங்களைத் தாண்டி அவர் உள்ளே போனதும் பாய்ந்து காலரைப் பிடித்துவிட்டேன். நர்ஸம்மா ஓடி வந்தார்.

"சார், உங்க அப்பாவுக்குத்தான் ஊசி எடுக்கப் போறாரு. கையை விடுங்க."

விட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கை நடுங்க நடுங்க அப்பாவுக்கு ஊசி போட்டார். அப்பா அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். அந்த டாக்டரிடம் மன்னிப்புக் கேட்க நான் போகவே இல்லை.

ஆள் பற்றாக்குறைக்கும் காத்திருப்புக்கும் அந்தப் பையன் காரணமில்லை. கைக்கு எட்டிய இடத்தில் அவர்தான் நின்றார், அவ்வளவுதான். கிண்டிச் செய்தியைப் படித்த அன்று, "நம்ம ஊர்ப் பையனா?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். கேட்ட வாய் வீட்டுக்கு வந்தபின் வெகுநேரம் மூடியே இருந்தது.

பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்: நாளை எனக்கு ஏதாவது ஆகி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், ஒருவர் மட்டும் டாக்டரிடம் பேசுங்கள். மற்றவர்கள் வெளியே நில்லுங்கள்.