பொருந்தியும் ஏற்காத பலகை: கேமரன் மலையிலிருந்து ஒரு சிப்செட் வரலாறு

ராம் ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்துவிட்டது. இருபக்கக் கொக்கிகளும் பூட்டிக்கொண்டன. ஆனாலும் கணினி அதைப் பாதி அளவாகவே கணக்கிடுகிறது, அல்லது எழுந்திருக்கவே மறுக்கிறது. கணினி பழுதுபார்க்கும் எவருக்கும் பழக்கமான நிலை இது. ராம் கெட்டது என்று உடனே முடிவுகட்டுவார்கள். பல நேரங்களில் அது கெட்டிருப்பதில்லை. எந்த நினைவகத்தை, எந்தப் பிராசசரை, எவ்வளவு வரை ஏற்கலாம் என்ற முடிவு அந்தப் பலகை வடிவமைக்கப்பட்ட நாளிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. நாற்பது ஆண்டுகளில் அந்த முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடமிருந்து யாரிடம் போனது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கணினியைப் புதிதாக வாங்குவதைவிட, இருப்பதை மேம்படுத்தி ஓட்டுவதே நடைமுறையாக உள்ள ஓர் இடத்தில் நின்று பார்த்தால்தான் இந்த வரலாற்றின் விலை தெரியும் என்பது என் துணிபு. அதனாலேயே மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை இதற்குக் களமாகக் கொண்டேன்.

1885இல் வில்லியம் கேமரன் அளந்து குறித்த இந்த மேட்டுநிலத்தில், 1929இல் ஜே. ஏ. ரஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை நின்றார். காட்டை அழித்துச் சரிவுகளில் செடி நட்ட உழைப்பில் தமிழர்களின் பங்கு பெரிது. ரிங்லெட், தானா ராத்தா, போ தோட்டம் ஆகிய இடங்களில் இன்றும் இயங்கும் தமிழ்ப்பள்ளிகள் அந்தக் குடியேற்றத்தின் தொடர்ச்சி. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மறுபுறம் கம்போங் ராஜா வழியாக ஈப்போவுக்கு இறங்கலாம். கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவில் தவறான ராமை வாங்கியவர் மறுநாளே போய் மாற்றிக்கொள்வார். மலையில் இருப்பவருக்கு அது ஒரு நாள் கூலியோடு போகும் காரியம்.

தூரம் என்று சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தச் சில்லுகள் பலவும் இதே நாட்டில் உருப்பெற்றவை. 1972இல் இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைப் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொடங்கியது. முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்துத் தடையற்ற வணிக மண்டலத்துக்கு அதே ஆண்டில் ஏஎம்டியும் வந்தது. பழைய இண்டெல் பிராசசர்களின் முதுகில் ‘மலாய்’ என்று பொறித்திருப்பதை இன்றும் பார்க்கலாம். ஆனால் பினாங்கில் முதன்மையாக நடந்தது சில்லுகளைப் பொதியுறைக்குள் அடைத்துச் சோதிக்கும் வேலை. எந்தச் சில்லு எந்தப் பலகையில் ஓடும் என்ற முடிவு அங்கே எடுக்கப்படவில்லை.

1981இல் வந்த ஐபிஎம் தனிக்கணினியில் சிப்செட், அதாவது பிராசசரை நினைவகத்தோடும் மற்ற பாகங்களோடும் இணைக்கும் சில்லுத் தொகுதி, என்று ஒன்று கிடையாது. 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிய 8088 பிராசசரைச் சுற்றி, கடிகாரத் துடிப்புக்கு ஒன்று, குறுக்கீடுகளைக் கவனிக்க ஒன்று, நினைவகத்துக்கு நேரடித் தரவு அனுப்ப ஒன்று என்று தனித்தனிச் சில்லுகள் இருந்தன. யார் வேண்டுமானாலும் அவற்றை வாங்கிப் பலகையில் பற்றவைக்கலாம். பொருத்தம் என்பது அப்போது மின்சுற்று வரைபடத்தில் முடிந்துவிட்ட விஷயம். இதை எண்பதுகளின் நடுவில் மாற்றியது சிப்ஸ் அண்ட் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம். ஐபிஎம் ஏடி கணினியின் அறுபதுக்கும் மேற்பட்ட சில்லுகள் செய்த வேலையை ஐந்தே சில்லுகளில் அடக்கிவிட்டது. தைவானிலும் ஹாங்காங்கிலும் மலிவான பலகைகள் பெருகியதற்கு இது பெரிய காரணம். மலிவோடு ஒரு கட்டுப்பாடும் வந்தது. எவ்வளவு நினைவகம், எந்த வகை, எந்த வேகம் என்பதெல்லாம் அந்த ஐந்து சில்லுகளுக்குள் எழுதி மூடப்பட்டன. பலகை செய்பவர் நினைத்தாலும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது.

தொடக்கத்தில் எல்லைகள் கண்ணுக்குத் தெரிந்தன. 30 ஊசி ‘சிம்’ ஒன்று ஒரே நேரத்தில் 8 பிட் தரும். 486 பிராசசரின் பாதை 32 பிட். எனவே நான்கு நான்காகப் போட வேண்டும். 72 ஊசி சிம் 32 பிட். பெண்டியத்தின் பாதை 64 பிட் என்பதால் இரண்டிரண்டு. ஒன்றை மட்டும் வாங்கிவந்தால் ஓடாது என்பதை விரல்விட்டு எண்ணியே கண்டுகொள்ளலாம். 168 ஊசி ‘டிம்’ வந்தபோது ஒன்றே போதும் என்றானது. பலரும் சிக்கல் தீர்ந்தது என்று நம்பினார்கள். உண்மையில் சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது.

1997இல் வந்த இண்டெல் 430 டிஎக்ஸ் சிப்செட்டை இங்கே சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். தமிழுக்கும் அதற்கும் நேரடி உறவு உண்டு என்பது என் வாதம். அந்தச் சிப்செட் 256 எம்பி வரை நினைவகம் ஏற்கும். ஆனால் பிராசசருக்குத் துணையான விரைவு நினைவகம், அதாவது கேஷ், முதல் 64 எம்பியை மட்டுமே கவனிக்கும். தோட்டத்தில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், கணக்கரான கிராணியின் புத்தகத்தில் பெயர் இல்லாதவர் வந்து நின்றாலும் அன்றைய வேலைக் கணக்கில் சேரமாட்டார். 64 எம்பிக்கு மேற்பட்ட நினைவகத்தின் நிலையும் கேஷின் கணக்கில் அப்படித்தான். அது இருக்கும், வேலையும் செய்யும். கேஷின் வேகம் மட்டும் அதற்குக் கிட்டாது. விண்டோஸ் 95 நினைவகத்தை மேல்முனையிலிருந்து நிரப்பும் இயல்புடையது என்பதால், கூடுதல் ராம் போட்ட கணினி முன்னைவிட மெதுவாக ஓடிய விந்தையும் நடந்தது. பணம் செலவழித்து வேகத்தை இழந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொன்னவர்கள் குறைவு.

இப்போது தமிழ். மலேசியாவில் கணினித் தமிழுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு பின்னாளில் முரசு அஞ்சலாக வளர்ந்தது; 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. தொண்ணூறுகளின் 8 பிட் எழுத்துருக்கள் எளிய கணினிகளிலும் ஓடின. எழுத்துருவை நிறுவினால் போதும். யூனிகோடு தமிழ் அப்படியல்ல. கொம்பும் காலும் மெய்யோடு சேர்ந்து சரியாக அமைய, இயங்குதளமே எழுத்தைக் கோக்க வேண்டும். அந்த வசதி விண்டோஸ் 2000இல் தொடங்கி எக்ஸ்பியில் பரவலானது. 2001இல் வெளிவந்த எக்ஸ்பி கேட்ட குறைந்தபட்ச வேகம் 233 மெகாஹெர்ட்ஸ். 430 டிஎக்ஸ் பலகைகளுக்கென இண்டெல் வெளியிட்ட கடைசி மேசைக்கணினிப் பெண்டியத்தின் வேகமும் அதுவே. ஆனால் எக்ஸ்பிக்குப் பரிந்துரைத்த நினைவகம் 128 எம்பி. அதாவது கேஷ் கவனிக்கும் 64 எம்பியைப் போல் இரு மடங்கு. பிராசசரைப் பார்த்தால் வாசலைத் தாண்டிய கணினி, சிப்செட்டைப் பார்த்தால் வாசலிலேயே நின்றது. நகரத்து அலுவலகம் கழித்த ஒரு பெண்டியத்தில் தமிழை யூனிகோடில் தட்டெழுத நினைத்தவருக்கு இடைஞ்சலாக நின்றது எழுத்துரு அல்ல, கேஷின் எல்லை. தமிழ்க் கணிமை வரலாறு எழுத்துருக்களையும் குறியேற்றங்களையும் பேசும் அளவுக்கு இந்த வன்பொருள் எல்லையைப் பேசாதது பெரிய குறை என்றே கருதுகிறேன்.

1998இன் 440 பிஎக்ஸ் மிகச் சிறந்த சிப்செட் என்று பெயர் பெற்றது, தகும். ஆயினும் அது ஒரு நினைவகச் சில்லில் 128 மெகாபிட்டுக்கு மேல் படிக்காது. 16 சில்லுகளால் ஆன 256 எம்பி டிம் முழுதாகத் தெரியும். 8 சில்லுகளில் அதே அளவை அடக்கிய புதிய டிம் பாதியாகத் தெரியும், அல்லது ஓடாது. இரண்டிலும் ஒட்டியிருக்கும் சீட்டு காட்டும் கொள்ளளவு ஒன்றே. வேறுபாட்டை அறிய இருபுறமும் திருப்பிச் சில்லுகளை எண்ண வேண்டும். பத்தாண்டுகள் கழித்து ஜி41 சிப்செட் பலகைகளிலும் இதே கதை நடந்தது: 16 சில்லுள்ள 4 ஜிபி டிடிஆர்3 ஓடும், 8 சில்லுள்ள 4 ஜிபி ஓடாது. பழைய கணினிக்கு ராம் தேடுகிறவர் அதன் கொள்ளளவையும் வேகத்தையும் மட்டும் கேட்டு வாங்குவது இன்றும் இந்தக் குழியில்தான் விழவைக்கிறது.

இடையில் 1999இன் 820 சிப்செட் ராம்பஸ் என்ற விலையேறிய நினைவகத்தை நம்பி வந்தது. சாதாரண எஸ்டிராமையும் அதில் போடும்படி சேர்த்த மொழிபெயர்ப்புச் சில்லில் கோளாறு இருந்ததால் 2000 மே மாதம் இண்டெல் அப்பலகைகளைத் திரும்பப் பெற்றது. அடுத்து வந்த 815 எஸ்டிராமுக்குத் திரும்பியது. ஆனால் 512 எம்பியோடு நிறுத்திக்கொண்டது. முந்திய 440 பிஎக்ஸ் அதைவிட அதிகம் ஏற்றது. புதியது என்பதால் எல்லை விரியும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

பிறகு அதிகாரம் இடம் மாறியது. 2003இல் ஏஎம்டி அத்லான் 64 பிராசசருக்குள்ளேயே நினைவகக் கட்டுப்பாட்டை வைத்தது. இண்டெல் 2008இன் கோர் ஐ7இல் அதே வழிக்கு வந்தது. 2009இன் பி55இல் சிப்செட்டின் மேல் பாதியான நார்த்பிரிட்ஜே இல்லாமல் போயிற்று. நினைவகம் எவ்வளவு என்று முடிவுசெய்வது இனிப் பிராசசர்; சிப்செட்டுக்கு யுஎஸ்பியும் சாட்டாவும் மிஞ்சின. ஏழைக் குடும்பத்து மாணவர்களுக்கு மலேசிய அரசு 2010 முதல் நெட்புக் வழங்கிய காலத்தில், உலகெங்கும் நெட்புக்குகளில் பரவலாக இருந்த ஆட்டம் என்450 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது பலகையோடு பற்றவைக்கப்பட்டது. 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. பிராசசரைக் கழற்றி மாற்ற வழியில்லாததால் அந்த எல்லையைத் தாண்டும் பேச்சுக்கே இடமில்லை.

நினைவகத்தின் மீதான பிடி தளர்ந்ததும் சிப்செட் வேறொரு வேலையை ஏற்றது: பிராசசருக்கு வாயில் காப்பது. இண்டெலின் எல்ஜிஏ 1151 சாக்கெட் 2015இல் வந்தது. 100, 200 வரிசைச் சிப்செட்டுகளில் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பிராசசர்கள் ஓடின. 2017 அக்டோபரில் எட்டாம் தலைமுறை வந்தபோது சாக்கெட்டின் ஊசி எண்ணிக்கை அதே 1151. ஆனால் அதற்கு 300 வரிசைப் பலகை கட்டாயம் என்றது இண்டெல். சில ஊசிகளின் பயன் மாறியது, கூடுதல் மின்சாரம் வேண்டும் என்று காரணம் கூறப்பட்டது.

ஏஎம்டி வேறு பாதையில் போனது. ஏஎம்4 சாக்கெட்டை 2020 வரை ஆதரிப்பதாகச் சொன்ன நிறுவனம், அந்த ஆண்டு ரைசன் 5000 வரிசை 400 வரிசைப் பலகைகளில் ஓடாது என்று முதலில் அறிவித்தது. பயனர்களின் எதிர்ப்புக்குப் பிறகு மாற்றிக்கொண்டது. 2022இல் 300 வரிசைப் பலகைகளுக்கும் ஆதரவு வந்தது. தடையாக இருந்தது சிப்செட்டைவிட, கணினியை எழுப்பும் பயாஸ் மென்பொருளுக்கான நினைவகம்: பல பலகைகளில் அது 16 எம்பி மட்டுமே, எல்லாப் பிராசசர்களின் விவரமும் அதற்குள் அடங்காது. எனவே புதியவற்றைச் சேர்த்த சில பயாஸ் பதிப்புகள் மிகப் பழையவற்றை நீக்கின. பழைய பிராசசர் பலகையில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். முந்திக் கழற்றிவிட்டால் பல பலகைகளில் பழையதைத் திரும்ப மாட்டாமல் வழியில்லை. புதுப்பிக்கும் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் பலகையே முடங்கலாம். மாலை இடிமழைக்குப் பழகிய மலையில் இதைக் காலையில், யுபிஎஸ் வைத்துச் செய்வதே முறை.

2021இல் விண்டோஸ் 11 வந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்டதோடு, சில விதிவிலக்குகள் தவிர, இண்டெலில் எட்டாம் தலைமுறைக்கும் ஏஎம்டியில் ரைசன் 2000க்கும் முந்தியவற்றை அது ஒதுக்கியது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் முடிந்தது. இண்டெல் பக்கம் இயங்குதளம் இழுத்த கோடு, சிப்செட் 2017இல் இழுத்த கோட்டின் மேலேயே விழுந்திருக்கிறது. ஏஎம்டி 300 வரிசையின் பி350 பலகையில் முதல் தலைமுறை ரைசன் வைத்திருப்பவர், பலகை நிறுவனம் பயாஸ் தந்திருந்தால், ரைசன் 5000 ஒன்றை மாட்டிக் கோட்டைத் தாண்டிவிடலாம். இண்டெல் 200 வரிசையின் பி250 பலகையில் ஏழாம் தலைமுறை ஐ5 வைத்திருப்பவருக்கு, எட்டாம் தலைமுறைச் சில்லு அந்தச் சாக்கெட்டில் அப்படியே உட்காரும், ஓடாது. அவர் தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ இறங்கிப் பலகையையும் பிராசசரையும் சேர்த்து வாங்க வேண்டும். வாங்கும் 300 வரிசைப் பலகை டிடிஆர்4 ஏற்பதா என்று கேட்டுக்கொண்டால், பழைய கணினியிலிருந்து கழற்றிய டிடிஆர்4 ராமை அதில் போட்டுக்கொள்ளலாம்.