பாலம் வந்தது தெரியாத வழிகாட்டி

 

2009க்கு முன் திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் போனவர்களுக்குத் துறையடியில் 'பாதை'க்காகக் காத்து நின்றது ஞாபகம் இருக்கும். அந்த ஆண்டு ஒக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே வெளிநாடு போய், பிறகு ஊர்ப்பக்கம் வராத ஒருவரிடம் இன்று வழி கேட்டால் என்ன சொல்வார்? "துறையடியில போய் நில்லுங்க, பாதை வரும்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் அறிந்த ஊர் அதுதான்.

நம் உயர்தரப் பிள்ளைகள் பைதன் எழுத உதவிக்கு அழைக்கும் ஏ.ஐ.யும் சில வேளை இப்படித்தான். ஒரு மாணவி பாண்டாஸ் தொகுப்பை வைத்து அட்டவணையில் ஒரு வரி சேர்க்க வழி கேட்டாள். 'அப்பென்ட்' என்று தயங்காமல் பதில் வந்தது. ஆனால் 2023 ஏப்ரலில் வெளிவந்த 2.0 பதிப்பிலேயே அந்த வழி நீக்கப்பட்டுவிட்டது; இப்போது 'கொன்கட்' பயன்படுத்த வேண்டும். பிழை தன்னுடையது என்று நினைத்து அவள் ஒரு பின்னேரம் முழுக்கத் தேடியிருக்கிறாள். நமக்கு வலித்தது அதுதான்.

இது புதிய பிரச்சினை அல்ல. யுனிக்ஸை உருவாக்கிய கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும், டக் மெக்கில்ராய் வற்புறுத்தியதால் அதற்கொரு கைநூல் எழுதினார்கள். 1971 நவம்பர் 3 என்ற திகதியுடன் அது வந்தது. பின்னர் 'மேன்' என்று தட்டினால் அந்தப் பக்கம் திரையிலேயே தெரிந்தது. 1990களில் கைநூல்கள் இறுவட்டில் வந்தன. அதன்பின் இணையம். இணையம் இல்லாத நேரத்துக்கென்று ஆவணங்களை முன்கூட்டியே இறக்கி வைக்க சீல், டெவ்டொக்ஸ் போன்றவை உதவின. 2022இன் மின்வெட்டு நாட்களை அனுபவித்த நமக்கு அதன் அருமை தெரியும்.

2021இல் கோபைலட்டும் 2022 நவம்பர் 30இல் சட்ஜிபிடியும் வந்தபோது பலர் கைநூலை மூடிவிட்டார்கள். கேட்டால் சொல்கிறதே, ஏன் தேட வேண்டும்? ஆனால் அது சொன்னது பயிற்சிக் காலத்தில் படித்தவற்றின் நினைவிலிருந்து. நினைவு ஒரு திகதியோடு நின்றுவிடும்; மென்பொருள் நிற்காது.

இந்த இடைவெளிக்கு ஒரு பாலமாக 2024 நவம்பர் 25இல் அன்த்ரோபிக் நிறுவனம் எம்.சி.பி. என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. 2016இல் மைக்ரோசொப்ட், எழுதுகருவிகளையும் கணினி மொழிகளையும் இணைக்கக் கொண்டுவந்த நெறிமுறை அதற்கு ஒரு முன்மாதிரி.

வேலை நடப்பது இப்படி: நம் கணினியிலேயே ஒரு சிறிய சேவையகம் ஓடுகிறது. ஏ.ஐ. அதனிடம் "இந்தப் பதிப்பில் இந்தக் கட்டளையின் பக்கம் எது?" என்று கேட்கிறது. சேவையகம் ஆவணத்தில் தேடி அந்தப் பகுதியை எடுத்துக் கொடுக்கிறது. ஏ.ஐ. அதைப் பார்த்துப் பதில் எழுதுகிறது. அதன் நினைவு மாறுவதில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துப் பரீட்சை எழுதுவது போலத்தான். ஹதீஸ் படித்த நமக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. யார் சொன்னார், யாரிடம் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடரைப் பார்க்காமல் நாம் ஒரு செய்தியை ஏற்பதில்லை.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இலங்கையில் பிறந்த டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் 2017இல் பெலரினா என்ற கணினி மொழியை அறிமுகப்படுத்தியது. 2019 செப்டெம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தது. பைதனில் எழுதப்பட்டவை மலைபோல் கிடக்கின்றன. பெலரினாவில் மிகக் குறைவு. எதைக் குறைவாகப் படித்ததோ, அதில்தான் ஏ.ஐ. இல்லாத கட்டளையைக் கற்பனை செய்யும் வாய்ப்பு அதிகம். எனவே சிறிய மொழிகளுக்குக் கைநூலை அருகில் வைப்பது வசதி அல்ல, அவசியம். தமிழில் எழுதும் நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

இரண்டு எச்சரிக்கைகள். ஆவணம் நம் கணினியில் இருந்தாலும், ஏ.ஐ. வெளியிலுள்ள சேவையாக இருந்தால் அதற்கு இணையம் தேவை. அடுத்து, யார் எழுதியதென்று தெரியாத சேவையகத்தைக் கணினியில் ஏற்றாதீர்கள். ஆவணத்தோடு தவறான கட்டளைகளும் உள்ளே வரலாம்.

பிள்ளைகளே, சேவையகம் சரியான பக்கத்தைக் கொடுத்தும் ஏ.ஐ. அதைத் தவறாக விளங்கிக்கொள்ளலாம். அதனால் பதிலோடு "எந்தப் பதிப்பு? எந்தப் பக்கம்?" என்றும் கேளுங்கள். அந்தப் பக்கத்தை ஒருமுறை நீங்களே திறந்து வாசியுங்கள். நிரல் ஓடவில்லை என்றால், உடனே உங்களைக் குறை சொல்லாதீர்கள். வழி சொன்னவருக்குப் பாலம் வந்தது தெரியாமல் இருந்திருக்கலாம்.