பதிலியும் போலியும்: மருந்துத் தட்டுப்பாட்டை முன்னோர் எதிர்கொண்ட விதம்

மருத்துவர் குறித்துக் கொடுத்த சரக்கு கடையில் இல்லை, நோயாளியோ காத்திருக்கிறார். மருந்தாளர் என்ன செய்வது? இவ்வினா இன்று புதிதாக எழுந்ததன்று. மத்தியகால முஸ்லிம் உலகின் மருந்தியல், இதற்கு விடை கூறவென்றே ஒரு நூல்வகையை வளர்த்தெடுத்தது.

அன்று பக்தாதிலும் கெய்ரோவிலும் விற்கப்பட்ட மருந்துச் சரக்குகளுள் பல தொலைதூரத்திலிருந்து வந்தவை. மிளகும் மூங்கிலுப்பும் இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றன. கப்பல் தாமதித்தாலோ போரினால் பாதை அடைபட்டாலோ மருந்தகம் வெறுமையாகும். எனவே, ஒரு சரக்கு கிடைக்காதபோது அதன் இடத்தில் எதனைச் சேர்க்கலாம் என்பதைக் கிரேக்கர் வழிநின்று அரபு மருத்துவர்கள் ஆராய்ந்தனர். இத்தகைய பதிலியை அவர்கள் 'பதல்' என்றனர். அர்ராஸீ (865-925) இதுபற்றித் தனி நூலே எழுதினார்.

அல்பீரூனி தம் முதுமையில் எழுதிய 'கிதாபுஸ் ஸைதனா', சரக்குகளின் பெயர்களை அரபு, கிரேக்கம், சிரியாக், பாரசீகம், இந்திய மொழிகள் எனப் பலவற்றிலும் தருகிறது. ஒரே பொருள் ஊருக்கொரு பெயரில் விற்கப்பட்ட காலத்தில், பெயரறிவே கொள்முதலுக்கு அடிப்படையாயிற்று. நீக்கல், மாற்றல் ஆகிய இரண்டையும் மருந்தாளர் அறிந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஹிஜ்ரி 658இல் (1260) கெய்ரோவின் யூத மருந்தாளர் அல்கூஹின் அல்அத்தார் இயற்றிய 'மின்ஹாஜுத் துக்கான்', பதிலிகளோடு சரக்குகளைச் சேகரிக்கும் முறையையும் பாதுகாக்கும் முறையையும் சேர்த்தே கற்பிக்கிறது.

ஆயினும் தட்டுப்பாடு அறிஞரை மட்டும் அழைத்து வருவதில்லை. வஞ்சகரையும் அழைத்து வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்கு எழுதிய கையேட்டில் மருந்துக் கலப்படங்களை விரிவாகப் பட்டியலிடுகிறார். சுட்ட எலும்பை மூங்கிலுப்பு என விற்றவர்கள் இருந்தனர். நீரிலிட்டால் எலும்பு அமிழும், மூங்கிலுப்பு மிதக்கும் என்று சோதனையையும் அவர் சொல்கிறார்.

பதிலிக்கும் போலிக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்குகிறது. இரண்டும் ஒரு பொருளின் இடத்தில் வைக்கப்படும் மற்றொரு பொருளே. முன்னது அறிவோடும் நோயாளியின் நலன் கருதியும் வைக்கப்படுவது. பின்னது மறைத்து வைக்கப்படுவது.

இது பழங்கதையன்று. 2022இல் இந்தோனேசியாவில் நச்சு கலந்த மருந்துப் பாகுகளை அருந்திய குழந்தைகளில் 200க்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். பாகு தயாரிக்கப் பயன்படும் புரோப்பிலீன் கிளைக்காலின் இடத்தில், ஆலைகளுக்குரிய நச்சுக் கிளைக்கால் பெயர் மாற்றி வைக்கப்பட்டிருந்தது. சுட்ட எலும்பு வேறு உருவில் திரும்பி வந்தது எனலாம்.

நம் நாடும் பாடம் கற்றது. 2020 மார்ச்சில், சீனத்திலிருந்து மூலப்பொருள் வரத்து தடைப்படும் என அஞ்சி, பாரசிட்டமால் உள்ளிட்ட 26 மூலப்பொருள்கள், மருந்துகளின் ஏற்றுமதியை இந்தியா கட்டுப்படுத்தியது. அவ்வாண்டே உள்நாட்டில் மூலப்பொருள் உற்பத்தியைப் பெருக்க 6,940 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது.

புதிய ஆலைகள் தேவையே, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆலை சரக்கின் அளவைத்தான் பெருக்கும். இல்லாத மருந்துக்கு ஈடு எது என்னும் அறிவையும், வந்த சரக்கை நீரிலிட்டுப் பார்க்கும் கண்ணையும் நாம்தாம் வளர்த்துக்கொள்ள வேண்டும். முன்னோர் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்ததன் விலையை இந்தோனேசியக் குழந்தைகள் செலுத்தினர்.