ஜீப்பின் இயக்கத் தண்டு: வில்லிஸ் முதல் தார் வரை

இயக்கத் தண்டு என்பது வண்டியின் கியர் பெட்டியிலிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் எஃகுக் குழாய். பட்டறைகளில் இதற்குப் புரொப்பல்லர் ஷாஃப்ட் என்று பெயர். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில், பெருமுக்கல் மலைப்பக்கம் ஓடும் டிப்பர் லாரிகளின் அடியில் சுழலும் நீண்ட குழாய் இதுதான். நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப்பில் முன்னச்சுக்கு ஒன்று, பின்னச்சுக்கு ஒன்று என இரண்டு தண்டுகள் உண்டு. காட்டுப்பாதைக்காக ஜீப்பை உயர்த்துவோர் டயரையும் ஸ்பிரிங்கையும் பற்றி நிறையப் பேசுவார்கள். அந்த உயரத்தால் தேய்வது தண்டின் மூட்டு என்பதை அது உடைந்த பிறகே பலர் அறிகிறார்கள்.

மூட்டின் வரலாறு

ஒன்றோடொன்று சாய்ந்திருக்கும் இரண்டு தண்டுகளைச் சிலுவை வடிவத் துண்டால் இணைக்கும் மூட்டை, 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் சூரியனை நோக்கும் கருவி தொடர்பாக விளக்கி எழுதினார். தொடக்ககால மோட்டார் கார்கள் பலவற்றில் சங்கிலிதான் சக்கரத்தைச் சுழற்றியது. கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903இல் மூட்டுக்குக் காப்புரிமை பெற்று, 1904இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உற்பத்தியைத் தொடங்கிய பின் சங்கிலியின் இடம் சுருங்கியது. சிலுவைத் துண்டின் நான்கு முனைகளிலும் ஊசி போன்ற உருளைகள் அடங்கிய கிண்ணங்கள் இருக்கும். நம் மெக்கானிக்குகள் ‘கிராஸ்’ என்பது இதைத்தான்.

இந்த மூட்டுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும், சாய்வு இருந்தால் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். சாய்வு 5 பாகை என்றால் இந்த ஏற்ற இறக்கம் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. 10 பாகையில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு, 20 பாகையில் 6 விழுக்காடு. சாய்வு இரட்டிப்பானால் அதிர்வு நான்கு மடங்காகிறது. தண்டின் இரு முனைகளிலும் ஒரே அளவு சாய்வில், ஒரே தளத்தில் மூட்டுகளை வைத்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்துவிடும். 1941இல் வந்த வில்லிஸ் ஜீப்பில் இந்த ஏற்பாடே இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் உற்பத்தியாயின. 1947இல் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. அமெரிக்காவில் 1968இல் நின்றுபோன சிஜே3பி வடிவம் இங்கே அதற்குப் பின்னும் ஓடியது. எம்எம்540 போன்றவையும் அதே வழி வந்தவை. ஆகவே பழைய ஜீப் பட்டறைகளில் கைமாறிவந்த தண்டு பற்றிய அறிவு அந்தப் போர்க்கால வடிவத்திலிருந்து வந்தது என்று சொல்லலாம்.

உயர்த்தும்போது நடப்பது

அச்சு தரையை ஒட்டியே இருக்கிறது. கியர் பெட்டி மேலே போகிறது. இடையில் உள்ள தண்டு கூடுதலாகச் சாய்கிறது. தண்டின் நீளம் 60 செ.மீ. என்று கொண்டால் 5 செ.மீ. உயர்வு ஏறத்தாழ 5 பாகைச் சாய்வைக் கூட்டும். 120 செ.மீ. தண்டில் அதே உயர்வு 2.4 பாகைதான். வில்லிஸ் ஜீப்பின் இரு அச்சுகளுக்கும் இடையே 80 அங்குலமே உள்ளதால் பின்தண்டு மிகக் குட்டை. லாரியைப் பார்த்து ஜீப்புக்குக் கணக்குப் போடுவது தவறாகிவிடும்.

பின்னச்சின் பட்டை ஸ்பிரிங்குக்கு அடியில் ஆப்பு வைத்து அச்சைத் திருப்புவது வழக்கம். இரு முனையிலும் ஒற்றை மூட்டு இருந்தால் சாய்வுகள் சமமாக வேண்டும். கியர் பெட்டிப் பக்கம் இரட்டை மூட்டு பொருத்தினால் கணக்கு வேறு: அச்சின் முகம் ஏறக்குறைய நேராகத் தண்டை நோக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. முன்னச்சை இப்படித் திருப்பினால் ஸ்டியரிங்கின் போக்கும் மாறும்.

2010இல் வந்த தாரின் சிஆர்டிஇ வகையிலும் 2020இன் புதிய தாரிலும் முன்சக்கரங்கள் தனித்தனியாக அசைபவை. அங்கே சக்கரத்துக்குப் போகும் அரைத்தண்டுகளின் ரப்பர் உறைதான் கவனிக்க வேண்டியது. கூடுதல் சாய்வில் அதன் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே போனபின் மூட்டு நெடுநாள் தாங்காது.

ஆயுளை மதிப்பிடுதல்

இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று தண்டுக்கு எண் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. ஒரே நாளில் வாங்கிய இரு ஜீப்புகளில் ஒன்று தார்ச்சாலையிலும் மற்றொன்று உயர்த்தப்பட்டு ஆற்று மணலிலும் ஓடினால், மீட்டர் ஒரே எண்ணைக் காட்டினாலும் மூட்டுகளின் வயது வேறு. கையாலும் காதாலும்தான் மதிப்பிட வேண்டும். மெதுவாகப் போகையில் குருவி கத்துவதுபோல் ஒலித்தால் கிண்ணத்தில் கிரீஸ் வற்றிவிட்டது. கிளட்சை விடும்போது ‘டக்’ என்றால் மூட்டிலோ, நீண்டு குறுகும் பல்வரிசையிலோ ஆட்டம் இருக்கலாம். கிண்ண ஓரத்தில் செம்மண் நிறத் துரு படிந்திருந்தால் அந்தக் கிராஸுக்கு இனிக் கிரீஸ் மருந்தாகாது. மாற்றியே ஆக வேண்டும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தரை நடுங்கினால் குழாய் நசுங்கியதா, சமநிலைக்காக ஒட்டவைத்த எடை விழுந்ததா என்று பார்க்கலாம்.

கிரீஸ் ஏற்றும்போது நான்கு கிண்ணங்களிலும் பழையது வெளியேறிப் புதியது எட்டிப்பார்க்க வேண்டும். ஓடை, வாய்க்கால் கடந்து வந்தால் அன்றே ஏற்றுவது நல்லது. உயர்த்திய வண்டியைச் சட்டத்தில் தாங்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையிலும் தண்டைப் பார்க்க வேண்டும். சாய்வும் நீளமும் அப்போதுதான் மிகுதி. பல்வரிசை போதுமான அளவு உள்ளே இல்லையென்றால் மேட்டில் ஒரு சக்கரம் தொங்கும்போது தண்டு கழன்றுவிடும். முன்தண்டு முன்னோக்கிய ஓட்டத்தில் கழன்று தரையில் குத்தினால் வண்டியே தூக்கி எறியப்படலாம்.

கழற்றும் முன் இரு பாதிகளிலும் சுண்ணக்கட்டியால் ஒரே கோடு போட்டுக்கொள்வது பழைய வழக்கம். ஒரு பல் மாறிப் பூட்டினாலும் மூட்டுகள் ஒரே தளத்தில் நில்லாமல் அதிர்வு திரும்பிவிடும். வில்லிஸ் வகைப் பழைய ஜீப்புகளில் இன்னொரு ஆபத்து உண்டு. அவற்றின் கைபிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர் பெட்டிக்குப் பின்னாலிருந்து பின்தண்டைப் பிடிக்கிறது. பின்தண்டைக் கழற்றிவிட்டால் கைபிரேக் எதையும் பிடிக்காது. சரிவில் நிறுத்திக் கழற்றினால் வண்டி அடியில் படுத்திருப்பவர்மேல் உருளும். நான்கு சக்கரங்களுக்கும் கல் வைத்த பின்பே ஸ்பேனரை எடுக்க வேண்டும்.