மார்பெலும்புப் புண் தொற்று: தடுப்பு முறைகள்

இதய அறுவைக்காக நடு மார்பெலும்பைப் பிளந்து, பின் எஃகுக் கம்பியால் கட்டி மூடிய இடத்தில் கிருமி புகுந்து சீழ் வைப்பது மார்பெலும்புப் புண் தொற்று. தோலோடு நின்றால் மருந்துக்கும் கட்டுக்கும் அடங்கிவிடும். எலும்புக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆழமான தொற்று நூற்றில் ஓரிருவருக்கே வருகிறது என்றாலும், வந்தவர் மறுபடி அறுவை மேசைக்குப் போய், வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேரிடும்.

இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையை 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தார். இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மலைக்காட்டு ஊரான அஞ்செட்டியிலிருந்துகூட நோயாளிகள் தேன்கனிக்கோட்டை, ஓசூர் வழியாக அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூரு மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள். ஓசூர் சாலையில் பொம்மசந்திராவில் உள்ள நாராயணா இருதயாலயா அவற்றுள் பெயர்பெற்றது. அறுவை அங்கே நடந்தாலும், தொற்றைத் தடுக்கும் வேலையில் பெரும்பங்கு ஊரில்தான் இருக்கிறது.

கிருமி பெரும்பாலும் நோயாளியின் உடம்பிலேயே இருக்கும். ஏறத்தாழ மூவரில் ஒருவரின் மூக்கில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் குடியிருக்கிறது. அது இருப்பது தெரிந்தால் அறுவைக்கு முன்பே மூக்கில் முபிரோசின் களிம்பு தடவவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதல் வலியுறுத்துகிறது. அறுவைக்கு முன் சோப்புப் போட்டுக் குளிக்கவேண்டும். மார்பு முடியைச் சவரக்கத்தியால் மழிக்கக் கூடாது. கத்தி போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி தங்கும். முடியை அகற்றியே ஆகவேண்டுமென்றால் கிளிப்பரால் கத்தரிக்கலாம். செஃபசோலின் என்ற கிருமிக்கொல்லி ஊசியைத் தோலைக் கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போடவேண்டும். அறுவை நீண்டால் 4 மணி நேரத்துக்கொருமுறை மறுபடி. தடுப்புக்காகக் கொடுக்கும் இந்த மருந்தை 48 மணி நேரத்துக்கு மேல் நீட்டுவதில் பயனில்லை, மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும்.

இவை எல்லாவற்றையும்விடச் சர்க்கரையே முக்கியம் என்பேன். ரத்தச் சர்க்கரை ஏறினால் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும். அமெரிக்காவின் போர்ட்லண்டில் அந்தோணி ஃபர்னரி குழு, சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலினைத் தொடர்ச்சியாகச் சொட்டுச்சொட்டாக ஏற்றியபோது ஆழ்தொற்று 2.0 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்ததை 1999இல் வெளியிட்டது. அறுவையை ஒட்டிய நாட்களில் ரத்தச் சர்க்கரையை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமுக்குள் வைப்பது இன்றைய பொது வழக்கம். ஆனால் தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாதவரை நெஞ்சுவலி வந்த பிறகு சரிசெய்ய நேரம் போதாது. அதனால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளவேண்டும்; வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பீடி, சிகரெட்டை அறுவைக்குக் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்தவேண்டும்.

வீடு திரும்பியபின் எலும்பு கூட 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம் தூக்குவது, அடிபம்பு அடிப்பது, பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்குவது கூடாது. எலும்பின் விளிம்புகள் அசைந்தால் புண்ணும் திறக்கும். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளவேண்டும். மார்பு கனமான பெண்களுக்குத் தையல் கீழ்நோக்கி இழுபடும் என்பதால் இரவும் பகலும் மென்மையான உள்ளாடை தேவை. கூச்சத்தால் அவர்கள் கேட்பதில்லை, செவிலியரே எடுத்துச் சொல்லவேண்டும். மஞ்சள், எண்ணெய், திருநீறு எதுவும் புண்ணில் படக்கூடாது. பைபாஸுக்காக ரத்தக்குழாய் எடுத்திருந்தால் காலிலும் தையல் உண்டு. அந்தக் காலோடு மாட்டுக்கொட்டகைக்குள் போகக்கூடாது.

அஞ்செட்டி, ஓசூர்ப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறார்கள்; கையில் தரப்படும் டிஸ்சார்ஜ் தாளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. இந்தக் குறை தீரவேண்டும். தொற்று 90 நாள் வரைகூடத் தலைகாட்டலாம். காய்ச்சல், புண்ணில் கசிவு, இருமினால் நெஞ்செலும்பில் 'களுக்'கென்ற சத்தம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே அறுவை செய்த மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.